வேர்நுனி அறுவையில் வெட்டுவது சின்ன வேலைதான்

"டாக்டர், அந்தக் கெட்டுப்போன நுனியை வெட்டி எடுத்துட்டா சரியாயிடும்ல?" வேர்நுனியில் அறுவை செய்ய வேண்டியிருக்கும் என்று சொன்னதும் நோயாளிகள் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறார்கள். வெட்டினால் மட்டும் சரியாகாது என்பதுதான் என் பதில். வெட்டிய இடத்தில் திறந்து நிற்கும் கேனலின், அதாவது வேருக்குள் ஓடும் குழாயின், வாயை எவ்வளவு சுத்தமாக்குகிறோம், எதைக் கொண்டு, எப்படி அடைக்கிறோம் என்பதை வைத்துத்தான் அந்தப் பல் நிற்பதும் போவதும். நாள் முழுக்க இந்த வேலையிலேயே இருப்பவள் என்பதால், அறுவை மேசையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எக்ஸ்ரேயில் வேரின் அடியில் கருப்பாக ஒரு வட்டம் தெரியும். அது எலும்பு கரைந்துபோன இடம். வேருக்குள் மிச்சமிருக்கும் பாக்டீரியாவும் அதன் கழிவும் நுனித் துளை வழியாக வெளியே கசிந்துகொண்டே இருக்க, உடம்பு அங்கே எலும்பைக் கரைத்துவிட்டு, கிருமியோடு போராடும் மென்மையான அழற்சித் திசுவை நிரப்பி வைக்கிறது. அந்தத் திசுவை வழித்தெடுப்பது சுலபம். ஆனால் அது விளைவு. கசிவு நிற்காவிட்டால் சில மாதங்களில் அதே திசு அதே இடத்தில் மறுபடி வந்து உட்காரும். ஈறில் அதே சீழ்க்கொப்புளமும் வரும்.

அதனால் எடுத்த எடுப்பில் கத்தியைத் தொடுவதில்லை. முன்பு செய்த ரூட் கேனல் சரியில்லை என்றால் முதலில் அதையே பிரித்து மறுபடி செய்வதுதான் முறை. மேல்வழியாகவே போய்ச் சுத்தம் செய்ய முடிகிறபோது ஈறைத் திறக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் இருக்காது. அறுவைக்கு நான் ஒத்துக்கொள்வது அந்த வழி அடைபட்டிருக்கும்போதுதான். வேருக்குள் போஸ்ட் என்ற நீளமான கம்பியை இறக்கி, அதன்மேல் கேப் உறுதியாக உட்கார்ந்திருக்கும். அதைக் கழற்றப் போனால் வேரே பிளந்துவிடும். அல்லது நுனிக்கு அருகே, கேனலைச் சுரண்டும் ஊசி போன்ற ஃபைல் ஒன்று உடைந்து கிடக்கும். அல்லது கேனல் சுண்ணாம்பேறி இறுகியிருக்கும். இன்னொரு வகையும் உண்டு: உள்ளே எல்லாம் ஒழுங்காக இருந்தும் புண் ஆறாத பற்கள். சூரிக்கில் பி.என்.ஆர். நாயரும் அவருடைய குழுவினரும் 1996-இல் 256 வேர்நுனிப் புண்களைச் சீவல் சீவலாக ஆராய்ந்தபோது 15 சதவீதம்தான் நீர்க்கட்டிகளாக இருந்தன. அவற்றில் பாதிக்குச் சற்று மேல், கேனலோடு தொடர்பே இல்லாமல் தனித்து மூடிய உண்மையான நீர்க்கட்டிகள். அந்த வகை, கேனலைச் சுத்தம் செய்வதால் மட்டும் ஆறும் என்று எதிர்பார்க்க முடியாது. எக்ஸ்ரேயைப் பார்த்தே "இது சிஸ்ட்" என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. வழித்தெடுத்த திசுவைத் தவறாமல் பயாப்சிக்கு அனுப்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வேர்நுனியை வெட்டும் வழக்கம் நேற்று வந்ததல்ல. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் ஃபரார் என்பவர் இதைப் பற்றி எழுதினார். ஜெர்மனியில் கார்ல் பார்ட்ஷ் இதை ஒரு முறையாக வளர்த்தெடுத்தார். அப்புறம் வந்த பல பத்தாண்டுகளில் செய்முறை பெரிதாக மாறவே இல்லை. நேராக நீளும் துளைக்கருவி (ஹேண்ட்பீஸ்), அதன் முனையில் சுழலும் உருண்டை பர், வெறும் கண், அடைக்கப் பாதரசக் கலவையான அமால்கம். நுனியை 45 பாகைச் சாய்வில் வெட்டுவார்கள். உயிரியல் காரணம் எதுவும் அதற்கு இல்லை. முன்னால் நிற்கும் மருத்துவருக்கு வெட்டுமுகம் தெரிய வேண்டும், அவருடைய கருவி அங்கே நுழைய வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சாய்வு இரண்டு கெடுதல் செய்தது. வேரின் முன்பக்கம் தேவைக்கு மேல் வெட்டுப்பட, நாக்குப் பக்கமோ அண்ணப் பக்கமோ இருந்த இன்னொரு கேனல் வெட்டுப்படாமலே ஒளிந்துகொண்டது. அதோடு, சாய்ந்த வெட்டில், வேரின் உடலான டென்டினின் நுண்குழல்கள் ஏராளமாகத் திறந்துகொண்டன. அடைப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதன் ஓரத்தைச் சுற்றிக் கசிய ஒரு வழி.

இப்போது 0 முதல் 10 பாகைக்குள், கிட்டத்தட்ட நேராகவே வெட்டுகிறோம். எவ்வளவு நீளம் என்றால் 3 மில்லிமீட்டர். இந்த அளவுக்குக் காரணம் உண்டு. கேனல் நுனியை நெருங்கும்போது ஒரே குழாயாக நேராகப் போய் முடிவதில்லை, சின்னச் சின்னக் கிளைகளாகப் பிரிகிறது. நுனியிலிருந்து 3 மில்லிமீட்டரை எடுத்துவிட்டால் நுனிக் கிளைகளில் ஏறக்குறைய 98 சதவீதமும் பக்கவாட்டுக் கேனல்களில் 93 சதவீதமும் அதோடு போய்விடும் என்பது கிம், கிராட்ச்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கொடுத்த கணக்கு. 4 மில்லிமீட்டர் வெட்டினால் கூடுதல் லாபம் கொஞ்சம்தான். அதற்காக வேரின் நீளத்தை இழப்பது சரியில்லை. ஏற்கெனவே குட்டையான வேராக இருந்தால் அந்த 3 மில்லிமீட்டரைக்கூட நான் யோசித்துத்தான் எடுப்பேன்.

மைக்ராஸ்கோப் வந்ததுதான் இந்தத் துறையின் பெரிய திருப்பம். காது அறுவைக்காக 1921-இல் சுவீடனில் கார்ல் ஓலோஃப் நைலேன் பயன்படுத்தத் தொடங்கிய கருவி, பல் மருத்துவத்துக்கு வந்து சேர 1980-கள் ஆனது. வேர்நுனி அறுவையில் அது வேரூன்றியது 1990-களில். வெட்டிய வேரின் முகம் எவ்வளவு பெரியது என்று நினைக்கிறீர்கள்? பல வேர்களில் 4, 5 மில்லிமீட்டர் அகலம்கூட இருக்காது. அதற்குள் கேனலின் வாய், பழைய அடைப்பின் ஓரம், விரிசல், விட்டுப்போன இன்னொரு கேனல் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். வெறும் கண்ணுக்கு அங்கே தெரிவது சிவப்பும் வெள்ளையும் மட்டும்தான்.

கீழ்த்தாடை முதல் கடைவாய்ப்பல் ஒன்றை உதாரணமாகச் சொல்கிறேன். முன்வேரில் இரண்டு கேனல். இரண்டும் பார்த்துப் பார்த்து அடைக்கப்பட்டிருந்தன, எக்ஸ்ரேயில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனாலும் புண் ஆறவில்லை. நுனியை வெட்டி, ரத்தத்தை நிறுத்தி, வெட்டுமுகத்தைக் காயவைத்து, மெத்திலின் புளூ சாயத்தைச் சின்ன பிரஷ்ஷால் தடவினேன். கழுவிவிட்டு மைக்ராஸ்கோப்பில் பெரிதாக்கிப் பார்த்தால், கேனல்களை அடைத்திருந்த ரப்பர் போன்ற கட்டாபெர்ச்சாவின் இரண்டு புள்ளிகளுக்கும் நடுவில் முடி அளவுக்கு மெல்லிய நீலக்கோடு. வேரைச் சுற்றி இன்னொரு நீலக்கோடு ஓடியது, அது பல்லைப் பிடித்திருக்கும் தசைநார். சாயம் பிடிப்பது மென்திசுவிலும் இடுக்கிலும்தான். நல்ல டென்டினில் பிடிக்காது. நடுவில் தெரிந்த கோடு இஸ்த்மஸ். இரண்டு கேனலையும் இணைக்கும் அந்தக் குறுகிய இடுக்கில் எந்த ஃபைலும் நுழையாது, மருந்துத் தண்ணீர்கூட முழுசாகப் போய்ச் சேராது. கீழ்க் கடைவாயின் முன்வேரிலும், மேல் முதல் கடைவாயின் முன்கன்ன வேரிலும் நுனியிலிருந்து 3, 4 மில்லிமீட்டர் உயரத்தில் இது இருப்பதுதான் வழக்கம், இல்லாமலிருப்பதுதான் அபூர்வம். அந்தப் பல்லில் இரண்டு புள்ளிகளை மட்டும் தோண்டி அடைத்திருந்தால் அறுவை முடிந்த மாதிரி இருந்திருக்கும். நோய் நடுவில் பத்திரமாக இருந்திருக்கும்.

இவ்வளவையும் பார்க்க வேண்டுமானால் முதலில் ரத்தம் நிற்க வேண்டும். இந்த அறுவையைப் பற்றிப் படிப்பவர்கள் கருவியையும் மருந்தையும் பற்றித்தான் கேட்பார்கள். என்னைக் கேட்டால், பாதி அறுவை ரத்தத்தைக் கட்டுப்படுத்துவதுதான். ஈரத்தில் சாயம் பரவிவிடும், விரிசல் தெரியாது, அடைக்கும் பொருள் கரைந்து போகும். மரத்துப்போகும் ஊசியிலேயே இதற்கான வேலை தொடங்குகிறது. சாதாரணமாகப் பல் எடுக்கப் போடும் ஊசியைவிட அட்ரினலின் அடர்த்தி கூடிய லிக்னோகெய்ன், 50,000-க்கு 1 என்ற அளவில். இதயக் கோளாறோ கட்டுப்படாத ரத்த அழுத்தமோ இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். அதை முன்கூட்டியே பேசி வைத்துவிடுவேன். ஊசி போட்டதும் அவசரப்பட்டுக் கீறல் போடக் கூடாது. 15, 20 நிமிடம் காத்திருந்தால் ஈறு வெளுத்து நிற்கும். இந்தக் காத்திருப்புக்கு ஈடாக வேறு எந்தக் கருவியும் இல்லை.

எலும்புக் குழியில் கசிவதை நிறுத்த அட்ரினலின் நனைத்த சின்னப் பஞ்சு உருண்டைகள் வைப்போம். முதல் உருண்டை குழியின் அடியில், அதன்மேல் ஒவ்வொன்றாக மற்றவை. சில நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு, மேலே இருப்பவற்றை எடுத்துவிட்டு, அடியில் இருப்பதை மட்டும் கடைசிவரை விட்டுவைப்போம். எத்தனை உள்ளே போயின, எத்தனை வெளியே வந்தன என்று உதவியாளர் சத்தமாக எண்ணுவார். ஒரு பஞ்சு இழை உள்ளே தங்கினாலும் அங்கே அழற்சி வரும், ஆறுவது கெடும். ஃபெரிக் சல்ஃபேட்டும் இருக்கிறது. தொட்டதும் ரத்தம் உறைந்து பழுப்பாகிவிடும், வேகத்தில் அதை மிஞ்ச முடியாது. ஆனால் மூடுவதற்கு முன் அந்தப் பழுப்புப் படிவத்தை முழுக்கச் சுரண்டிக் கழுவ வேண்டும். விட்டுவிட்டால் எலும்பு வளர்வது தாமதப்படும். மெழுகை எலும்பில் அப்பும் பழைய வழக்கத்தை நான் தொடுவதே இல்லை. அது அங்கேயே தங்கி அந்நியப் பொருளாகிவிடும். இன்னொன்று: அட்ரினலினின் வேகம் தணிந்ததும் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் முன்பைவிடக் கூடும். அப்புறம் அதை அடக்குவது பெரும்பாடு. அதனால் நுணுக்கமான வேலைகளை அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

ஈறைத் திறப்பது, எலும்பைத் திறப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரைவட்டக் கீறல் இப்போது வேண்டாம். இடம் போதாது, தழும்பும் தெரியும். முன்பல்லில் கேப் இருந்து, எலும்போடு ஒட்டிய ஈறும் போதுமான அகலத்தில் இருந்தால், ஈறு விளிம்பைத் தொடாமல் அதற்கு மேலே வளைவு வளைவாகக் கீறுவேன். கேப்பின் ஓரம் பின்னால் வெளியே தெரியாது. மற்ற இடங்களில் பல்லை ஒட்டிய கீறல். எலும்பில் போடும் சன்னல் பழைய முறையில் 8, 10 மில்லிமீட்டர் இருந்தது. இப்போது 4, 5 போதும். 3 மில்லிமீட்டர் நீளக் கருவி முனை உள்ளே திரும்ப அவ்வளவு இடம்தான் வேண்டும். சின்னச் சன்னல் சீக்கிரம் ஆறும். எலும்பு வெட்ட, காற்றைப் பின்பக்கமாக வெளியே தள்ளும் 45 பாகைத் தலை கொண்ட ஹேண்ட்பீஸ்தான் வேண்டும். பல் மருத்துவத்தில் வழக்கமான, காற்றால் சுழலும் ஏரோட்டர் காற்றை நேராகத் திசுவுக்குள் ஊதிவிடும், கன்னம் உப்பிவிடும், ஆபத்து அதோடு நிற்காமலும் போகலாம்.

சரி, அடைப்புக்கு வருவோம். முதலில் அதற்கான குழி.

வேரின் வெட்டுமுகத்திலிருந்து கேனலின் போக்கிலேயே 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் குழி எடுக்க வேண்டும். உருண்டை பர்ரும் நேர் ஹேண்ட்பீஸும் இருந்த காலத்தில் இது நடக்கவே நடக்காது. குழி சாய்ந்து போகும், வேரின் உள்பக்கச் சுவரில் ஓட்டை விழும். 1990-களின் தொடக்கத்தில் கேரி கார் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் வேர்நுனிக்கென்றே வளைந்த அல்ட்ராசோனிக் முனைகளைக் கொண்டுவந்தார். கால் மில்லிமீட்டர் தடிமன், 3 மில்லிமீட்டர் நீளம். தண்ணீர் தெறிக்க, அழுத்தாமல், முன்னும் பின்னும் மெல்ல நகர்த்தினால் பழைய கட்டாபெர்ச்சா அதிர்வின் சூட்டில் இளகி வெளியே வரும். அழுத்தினால் அதிர்வே நின்றுவிடும், வேரிலும் நுண்விரிசல் விழலாம். குழி எடுத்து முடித்ததும் சின்னக் கண்ணாடியை வைத்துச் சுவர்களைப் பார்க்கிறேன். சாதாரணப் பல் கண்ணாடியை நினைத்துக்கொள்ளாதீர்கள், 3 முதல் 5 மில்லிமீட்டர் விட்டம்தான் இருக்கும். நான் முதலில் பார்ப்பது கன்னப் பக்கச் சுவரை. கட்டாபெர்ச்சா மிச்சம் ஒட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் அங்கேதான். நமக்கு எதிரே இல்லாமல் நம் பக்கமாகவே இருக்கும் சுவர் என்பதால் நேரில் பார்த்தால் தெரியாது. இளஞ்சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தாலும் மறுபடி முனையை உள்ளே விடுவேன். அது அங்கே இருந்தால் அடைப்பு சுவரில் ஒட்டாது.

அப்புறம்தான் பொருள். அமால்கத்தை எவ்வளவோ காலம் பயன்படுத்தினோம். அதன் கதி என்ன என்று காட்ட ஒரு மேல் பக்கவெட்டுப் பல் (நடு முன்பல்லுக்கு அடுத்தது) போதும். வேறொரு இடத்தில், பல ஆண்டுகளுக்கு முன் அறுவை செய்துகொண்ட பெண். பல்லுக்கு மேலே ஈறில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. "சிரிச்சா தெரியுது டாக்டர்" என்றார். எக்ஸ்ரேயில் வேர்நுனியைச் சுற்றிலும் வெள்ளைப் பொட்டுகள் சிதறிக் கிடந்தன. திறந்து பார்த்தபோது வெட்டு நன்றாகச் சாய்ந்திருந்தது. அமால்கம் வேரின் முன்சுவரில் ஆழமில்லாமல் உட்கார்ந்திருந்தது. கேனலின் வாய் அதற்குச் சற்றுப் பின்னால், அண்ணப் பக்கம், திறந்தே இருந்தது. அன்றைக்கு அந்த மருத்துவருக்குக் கிடைத்த வெளிச்சத்திலும் கருவியிலும் அதைப் பார்த்திருக்க வழியே இல்லை. அமால்கம் அரித்து, ஓரத்தில் கசிந்து, துகள்கள் ஈறைக் கறையாக்கிவிட்டிருந்தன.

அமால்கத்துக்குப் பிறகு துத்தநாக ஆக்சைடும் கிராம்பெண்ணெயின் யூஜினாலும் சேர்ந்த சிமெண்ட்கள் வந்தன. ஐஆர்எம், சூப்பர் ஈபிஏ இரண்டும் அந்தக் குடும்பம். கையாள அருமையானவை. சீக்கிரம் இறுகும், மழமழவென்று தேய்த்து முடிக்கலாம். டென்மார்க்கில் ரெட்ரோபிளாஸ்ட் என்ற பசைக் காம்போசிட்டை வெட்டுமுகம் முழுவதும் மூடியாக ஒட்டும் வழியை வளர்த்தார்கள். அதற்கு வெட்டுமுகம் எலும்பு போல் காய்ந்திருக்க வேண்டும், ஒரு துளி ஈரம் பட்டாலும் ஒட்டாது.

எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது எம்டிஏ (மினரல் டிரையாக்சைடு அக்ரிகேட்) என்ற சிமெண்ட். கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபிநெஜாத் உருவாக்கியது. முதல் ஆய்வுகள் 1993-இல் வெளியாயின, 1998-இல் அமெரிக்க மருந்துத் துறை அனுமதித்தது. அதன் முக்கால் பங்கு போர்ட்லண்ட் சிமெண்ட். ஆமாம், கட்டடம் கட்டும் அதே வகைச் சிமெண்ட், 1824-இல் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது. அதைத் தூய்மைப்படுத்தி, நுண்மையாக அரைத்து, எக்ஸ்ரேயில் தெரிவதற்காக 20 சதவீதம் பிஸ்மத் ஆக்சைடும், மிச்சம் 5 சதவீதம் ஜிப்சமும் சேர்த்தார்கள். இதைக் கேட்டதும் "அப்போ சாதா சிமெண்டையே வைக்கலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. வைக்கக் கூடாது. கட்டடச் சிமெண்ட்டில் கன உலோகங்களின் அளவுக்கோ துகளின் அளவுக்கோ மருத்துவக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது.

அதுவரை வந்த பொருள்கள் எல்லாவற்றுக்கும் ஈரம் எதிரி. எம்டிஏ இறுகுவதற்கே ஈரம் வேண்டும். எலும்புக்குள், ரத்தமும் நிணநீரும் சுற்றிலும் இருக்கும் இடத்தில் வைக்கிற பொருளுக்கு இதைவிட நல்ல குணம் என்ன இருக்க முடியும்? நீரோடு சேரும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. கலந்தவுடன் அதன் பிஹெச் 10.2, மூன்று மணி நேரத்தில் 12.5 வரை ஏறும். அந்தக் காரத்தில் பாக்டீரியா வாழ்வது கடினம். வெளியேறும் கால்சியம், திசுநீரில் இருக்கும் பாஸ்பேட்டோடு சேர்ந்து ஹைட்ராக்சிஅபடைட் போன்ற படிகமாக மேற்பரப்பில் படிகிறது. பல்லும் எலும்பும் ஆன அதே வகைத் தாது. அதன்மேல் புதிய சிமெண்டம் படர்வதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். அதாவது வேரைச் சுற்றியிருக்கும் இயற்கையான உறையே இந்த அடைப்பின் மேலும் வளர்கிறது. அமால்கம் ஓரமாகச் சகித்துக்கொள்ளப்பட்டது. இதை உடம்பு தன்னுடையதாக ஏற்றுக்கொள்கிறது. முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்கு வந்த வியப்பு இன்னும் குறையவில்லை.

கையாள்வதற்கு மட்டும் பொறுமை வேண்டும். மூன்று பங்கு தூளுக்கு ஒரு பங்கு தண்ணீர் என்று குழைத்தால் ஈர மணல் மாதிரி இருக்கும். தண்ணீர் கொஞ்சம் கூடினால் குழம்பாகி ஓடும், குறைந்தால் பொலபொலவென்று உதிரும். அதைக் கரண்டியால் எடுத்துக் கால் மில்லிமீட்டர் குழிக்குள் வைக்க முடியாது. சின்னப் பிளாஸ்டிக் கட்டையில் மெல்லிய பள்ளம் கீறியிருப்பார்கள். அந்தப் பள்ளத்தில் அப்பி, கருவியின் முனையால் சிறு குச்சி போல உருவி எடுத்து, குழியில் இறக்கி, நுண் பிளக்கரால் அழுத்துவோம். கடைசியில் நனைந்த பஞ்சால் மேற்பரப்பைத் துடைப்பதோடு சரி. அதன்பின் அங்கே தண்ணீர் பீய்ச்சக் கூடாது, ஏனென்றால் இது முழுக்க இறுக ஏறக்குறைய 2 மணி 45 நிமிடம் ஆகும். ஈறைத் தைத்து நோயாளி வீட்டுக்குக் கிளம்பும்போதுகூட உள்ளே அது இறுகிக்கொண்டுதான் இருக்கும். குழியைக் கழுவும் வேலையெல்லாம் எம்டிஏ உள்ளே போவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

இந்தச் சங்கடங்களைத் தீர்க்கத்தான் எம்டிஏவின் குடும்பத்திலேயே அடுத்த தலைமுறைக் கால்சியம் சிலிக்கேட் சிமெண்ட்கள் வந்தன. பயோடென்டின் சுமார் 12 நிமிடத்தில் இறுகிவிடும். பிஸ்மத்துக்குப் பதில் சிர்கோனியம் ஆக்சைடு என்பதால் பல் நிறம் மாறும் கவலையும் குறைவு. ஆனால் எக்ஸ்ரேயில் மங்கலாகத்தான் தெரியும். ஓராண்டு கழித்துப் படத்தைப் பார்க்கும்போது அடைப்பு எங்கே முடிகிறது என்று கண்ணைச் சுருக்கித் தேட வேண்டியிருக்கும். இன்னொரு வகை, களிம்பு மாதிரி தயாராகவே டப்பாவில் வரும் பயோசெராமிக் புட்டி. கலக்க வேண்டியதில்லை, திசுவின் ஈரத்தைக் கொண்டே இறுகும், விரலால் உருட்டிக் கூம்பாக்கி நேரே குழிக்குள் வைக்கலாம். இப்போது என் கை முதலில் போவது இந்தப் புட்டிக்குத்தான். எம்டிஏ அளவுக்கு நீண்டகாலக் கண்காணிப்பு இதற்கு இல்லை என்பது உண்மைதான். ஆனால் வேதியியல் அதே குடும்பம். ஆழமான கடைவாயில், ஒரு கையில் கண்ணாடியும் இன்னொரு கையில் பிளக்கரும் இருக்கும்போது, உதிராத பொருள் கையில் இருப்பது குழியை அடிவரை நிரப்ப உதவுகிறது.

பொருளை மட்டும் பெரிதாகப் பேசுபவர்களிடம் நான் அடிக்கடி எடுத்துச் சொல்வது 2003-இல் சாங், பிட் ஃபோர்ட், ஹட்சன் மூவரும் வெளியிட்ட ஆய்வை. எம்டிஏ ஒரு பக்கம், பழைய ஐஆர்எம் ஒரு பக்கம். இரண்டாண்டு முடிவில் எம்டிஏவுக்கு 92 சதவீத வெற்றி, ஐஆர்எம்முக்கு 87 சதவீதம். அந்த இடைவெளி புள்ளியியல்படி உறுதியானதாக நிற்கவில்லை. குழியை ஒழுங்காக எடுத்தால் பழைய சிமெண்ட்கூட நன்றாகவே வேலை செய்கிறது. செட்சரும் உடனிருந்தவர்களும் 2010-இல், குறைந்தது ஆறு மாதம் கண்காணித்த பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, சாய்வு வெட்டும் அமால்கமும் கொண்ட பழைய முறைக்கு 59 சதவீத வெற்றி, மைக்ராஸ்கோப்பும் அல்ட்ராசோனிக்கும் புதிய பொருளும் சேர்ந்த முறைக்கு 94 சதவீதம். 2012-இல் அதன் தொடர்ச்சியில் மைக்ராஸ்கோப் மட்டும் இல்லாத முறையைத் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள், 88 சதவீதம். முன்பற்களில் பெரிய வித்தியாசமில்லை. கடைவாயில்தான் வித்தியாசம் உறுதியாகத் தெரிந்தது. இஸ்த்மஸ்கள் அங்கேதான் அதிகம் என்பதை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும்.

எல்லாப் பல்லையும் இப்படிக் காப்பாற்றிவிடலாம் என்று நம்பிக்கை கொடுக்க மாட்டேன். அறுவைக்கு முன் எடுக்கும் சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேனில் கீழ்த்தாடை நரம்பு எங்கே ஓடுகிறது, மேலே சைனஸ் என்ற காற்றறை வேருக்கு எவ்வளவு பக்கத்தில் என்று அளந்துகொள்கிறேன். கீழ் முன்கடைவாய்ப் பற்களின் நுனிக்கு அருகே நரம்பு வெளியே வரும் துளை இருக்கிறது. அதை இழுத்தாலே உதடு மரத்துப்போகலாம். கீழ் இரண்டாம் கடைவாயில் எலும்பு மிகத் தடிமன், வேர் நாக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். அங்கே பல நேரம் பல்லைக் கவனமாகக் கழற்றி, கையில் வைத்தே நுனியை வெட்டி அடைத்து, அதே குழியில் மறுபடி உட்கார வைப்பது நல்ல வழி. மேல் கடைவாயில் வெட்டிய நுனி சைனஸுக்குள் நழுவிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்கேன் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. சாயம் தடவியதும் கேனலிலிருந்து வேரின் ஓரம்வரை ஓடும் நீலக்கோடு தெரிந்தால், அது செங்குத்து முறிவு. அந்த வேரை எதைக் கொண்டும் அடைக்க முடியாது. "திறந்து பார்த்தப்புறம்தான் சில விஷயம் தெரியும், அப்படித் தெரிஞ்சா பல்லை எடுக்க வேண்டிவரும். உங்களுக்குச் சம்மதமா?" என்று முன்னாடியே கேட்டு எழுதி வாங்கிவிடுகிறேன். ஊசி போட்டுப் படுத்திருப்பவரிடம் அந்த நேரத்தில் இந்தக் கேள்வியைக் கேட்பது நியாயமில்லை.

மூடும்போது பட்டு நூல் வேண்டாம். அதில் அழுக்கு ஏறும். 5-0 அல்லது 6-0 அளவுள்ள மெல்லிய ஒற்றை இழை நூலில் தைத்து, நனைந்த காஸ் துணியால் சில நிமிடம் ஈறை அழுத்திப் பிடித்தால் அடியில் ரத்தம் கட்டாது. மூன்று நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் தையலை எடுத்துவிடலாம். முதல் நாள் விட்டு விட்டு ஐஸ் ஒத்தடம், குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு, உதட்டைத் தூக்கித் தையலைப் பார்க்காமல் இருப்பது. கடைசியாகச் சொன்னதைத்தான் யாரும் கேட்பதில்லை. வீக்கம் இரண்டாம் நாள் கூடுதலாகத் தெரியும், பிறகு வடியும். புகைப்பவர்கள் இந்த நாட்களிலாவது நிறுத்தியே ஆக வேண்டும்.

ஆறியதா இல்லையா என்பதற்கு வலியை அளவுகோலாக வைக்க முடியாது. வலி ஒரு வாரத்திலேயே போய்விடும். எலும்பு நிரம்ப மாதங்கள் ஆகும். ஓராண்டில் எடுக்கும் எக்ஸ்ரேயில்தான் நிதானமாக முடிவு சொல்வேன். கருப்பு வட்டம் மறைந்து, வேரைச் சுற்றி மெல்லிய கோடு தெரிந்தால் முழுக்க ஆறிவிட்டது. சுருங்கியிருந்தாலும் மிச்சம் இருந்தால் தொடர்ந்து பார்த்துக்கொண்டு வர வேண்டும். மேல் பக்கவெட்டுப் பல்லில் முன், பின் இரண்டு எலும்புச் சுவரும் போயிருந்தால் நடுவில் எலும்புக்குப் பதில் நார்த்திசு நிரம்பிவிடும். எக்ஸ்ரேயில் வேருக்குச் சற்று விலகி, ஒழுங்கில்லாத ஓரத்தோடு ஒரு நிழல் நிலையாக நிற்கும். அது தழும்பு, நோய் இல்லை. வேறு மருத்துவர் யாராவது அதைப் பார்த்து மறுபடி அறுவை வேண்டும் என்றால், பழைய எக்ஸ்ரேக்களை எடுத்துக்கொண்டு போய்க் காட்டச் சொல்கிறேன். நிழல் வருடக்கணக்கில் வளராமல் அப்படியே இருப்பது ஒப்பிட்டால் தெரிந்துவிடும். அதனால், அறுவைக்கு முன் எடுத்த படத்திலிருந்து எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரே உறையில் வைத்திருங்கள்.